ரீடார்கெட்டிங் 9 மடங்கு காட்டுகிறது, மொத்த விற்பனை அப்படியே நிற்கிறது. ஏன்?

#1 தறிமேடை

எல்லோருக்கும் வணக்கம். காரைக்குடியில் இருந்து கண்டாங்கிச் சேலை விற்கிறோம். சொந்த வெப்சைட், இன்ஸ்டாகிராம், வாட்ஸ்அப், இவ்வளவுதான் கடை. மாதம் ஏறக்குறைய 300 ஆர்டர், சராசரி விலை 2,200 ரூபாய்.

சைட்டுக்கு வந்து பார்த்துவிட்டு வாங்காமல் போனவர்களுக்கு மறுபடி விளம்பரம் காட்டும் கேம்பெய்ன் (அதுதான் ரீடார்கெட்டிங்) ஒன்று மெட்டாவில், அதாவது ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராமில், ஓடுகிறது. முதலில் மாதம் 15,000 ரூபாய் போட்டோம். 60 ஆர்டர் அதனால் வந்ததாக டாஷ்போர்டு சொன்னது, அதாவது போட்ட பணத்துக்கு ஒன்பது மடங்கு. இவ்வளவு நன்றாக ஓடுவதை ஏன் சின்னதாக வைத்திருக்க வேண்டும் என்று கொழுந்தனார் பட்ஜெட்டை 30,000 ஆக்கினார். இப்போது 120 ஆர்டர் காட்டுகிறது, அதே ஒன்பது மடங்கு. ஆனால் கூரியர்காரர் எடுத்துப் போகும் பொட்டலம் முன்பு போலவே 300தான்.

கூடுதலாக வந்த அந்த 60 ஆர்டர் எங்கே போனது? இன்னும் பட்ஜெட் ஏற்றலாம் என்கிறார் அவர். நான் நிறுத்தி வைத்திருக்கிறேன். விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

#2 கோவை_மணி

அக்கா, ஒன்பது மடங்கு என்பது எங்கள் ஏஜென்சியில் பல கிளையன்ட் கனவு காணும் எண். அவசரப்பட்டு நிறுத்திவிடாதீர்கள். புது ஆட்களைக் கொண்டு வரும் கேம்பெய்ன் அதே நேரம் சோர்ந்து போயிருக்கலாம், ரீடார்கெட்டிங் அந்தப் பள்ளத்தை நிரப்பியிருக்கலாம். மூன்று விவரம் வேண்டும்: சைட்டுக்கு எத்தனை நாளுக்குள் வந்த விருந்தினர்களை ஆடியன்ஸாக (விளம்பரம் காட்டும் பட்டியலாக) வைத்திருக்கிறீர்கள், ஃப்ரீக்வென்சி, அதாவது ஒரே ஆளுக்கு விளம்பரம் சராசரியாகக் காட்டப்பட்ட தடவை, எவ்வளவு, மற்ற கேம்பெய்ன்களில் ஏதாவது மாற்றினீர்களா?

#3 தறிமேடை

180 நாளில் வந்த எல்லோரும். ஃப்ரீக்வென்சி 17 காட்டுகிறது. மற்றதில் எதையும் தொடவில்லை, அங்கே செலவும் கிளிக்கும் பழையபடியே. ஆனால் அங்கே ஆர்டர் எண்ணிக்கை மட்டும் குறைந்திருக்கிறது.

#4 கணக்குப்பிள்ளை

விடை கடைசி வரியிலேயே இருக்கிறது. ஆர்டர் புதிதாக முளைக்கவில்லை, பெயர்தான் மாறியிருக்கிறது. இன்ஸ்டாவில் தேடி வந்தவர், தோழி அனுப்பிய லிங்கில் வந்தவர், கூகுளில் கண்டாங்கி என்று அடித்து வந்தவர் என எல்லோரும் ஒருமுறை சைட்டில் கால் வைத்ததும் உங்கள் ரீடார்கெட்டிங் பட்டியலில் சேர்ந்துவிடுகிறார்கள். பட்ஜெட்டை இரட்டிப்பாக்கினால் அவர்களில் இன்னும் அதிகம் பேர் கண்ணில் விளம்பரம் படும். வாங்கப் போகிறவர் வாங்கத்தான் போகிறார். வாங்குவதற்கு முன்னால் அந்த விளம்பரமும் அவர் கண்ணில் பட்டிருக்கும், அதனால் ஆர்டர் அதன் கணக்கில் ஏறும்.

மெட்டாவில் நாமாக மாற்றாத வரை கணக்கு வைக்கும் முறை இப்படி: விளம்பரத்தைக் கிளிக் செய்து 7 நாளுக்குள் வாங்கினால் அந்த விளம்பரத்தின் விற்பனை. கிளிக்கே செய்யாமல் திரையில் கடந்துபோய் ஒரு நாளுக்குள் வாங்கினாலும் அதன் விற்பனைதான். ஒரே ஆளுக்கு 17 முறை காட்டினால் அந்த ஒரு நாள் வலையில் யார் தப்புவார்கள்? கடைப் படியில் ஏறிக்கொண்டிருப்பவர் கையில் நோட்டீஸைத் திணித்துவிட்டு, இவரை நான்தான் கூட்டி வந்தேன் என்று கமிஷன் கேட்கும் கதை இது.

டாஷ்போர்டில் நெடுவரிசைகளை மாற்றி, கிளிக் வழி ஆர்டர் எத்தனை, பார்த்தவர் வழி ஆர்டர் எத்தனை என்று தனித்தனியே எடுத்துப் பாருங்கள். அதை இங்கே போடுங்கள்.

இன்னொன்று. 9 மடங்கு என்பதில் விளம்பரச் செலவுக்கு நீங்கள் கட்டும் ஜிஎஸ்டி 18 சதவீதம் சேரவில்லை. சிஓடி-யில் (பொருள் கைக்கு வந்ததும் பணம் கொடுக்கும் முறையில்) போய் வாங்காமல் திரும்பி வந்த பொட்டலத்தையும் டாஷ்போர்டு விற்பனையாகவே எண்ணும். அது சொல்வது வசூல் இல்லை, ஆர்டர் பட்டனை அமுக்கிய எண்ணிக்கை.

#5 தறிமேடை

பார்த்தேன். 120-இல் 78 பார்த்தவர் வழி. கிளிக் செய்தவர்கள் வெறும் 42.

#6 கோவை_மணி

கணக்குப்பிள்ளை ஐயா சொல்வதில் பாதி நியாயம் இருக்கிறது. ஆனால் கிளிக் செய்யவில்லை என்பதற்காக விளம்பரம் வேலை செய்யவில்லை என்று ஆகாது. சேலை என்ன, பஸ்ஸில் போகும்போது கட்டைவிரலால் வாங்கும் பொருளா? இன்ஸ்டாவில் பார்ப்பார், ராத்திரி வீட்டுக்காரரிடம் காட்டுவார், மறுநாள் நேராக சைட்டுக்கு வந்து வாங்குவார். அந்த நினைவூட்டலுக்கு மதிப்பே இல்லை என்பது ஓவர். கார்ட்டில் போட்டுவிட்டு வாங்காமல் போகிறவர்கள் சராசரியாக 70 சதவீதம் என்று பேமார்ட் நிறுவனம் பல ஆய்வுகளைத் தொகுத்துச் சொல்கிறது. அவர்களை அப்படியே விட்டுவிடச் சொல்கிறீர்களா?

#7 குறிமுறை_செல்வி

சண்டைக்கு நடுவே ஒரு தொழில்நுட்ப விஷயம். அக்கா, உங்கள் சைட்டைத் திறந்து பார்த்தேன். ஒவ்வொரு சேலைக்குக் கீழேயும் "வாட்ஸ்அப்பில் ஆர்டர் செய்ய" என்று பச்சைப் பட்டன் இருக்கிறது. ஆர்டரில் எத்தனை பங்கு அப்படி வருகிறது?

#8 தறிமேடை

300-இல் பாதிக்குக் கொஞ்சம் கீழே. வயதில் பெரியவர்கள் பலரும் போட்டோ கேட்டு, முந்தானையைப் பிரித்துக் காட்டச் சொல்லி, பேசித்தான் வாங்குவார்கள்.

#9 குறிமுறை_செல்வி

அப்போது இன்னொரு ஓட்டையும் இருக்கிறது. பிக்சல் என்பது உங்கள் சைட்டின் பக்கங்களில் உட்கார்ந்திருக்கும் ஒரு சின்ன நிரல். யார் எந்தச் சேலையைப் பார்த்தார், எதைக் கார்ட்டில் போட்டார், யார் பணம் கட்டினார் என்று ஒவ்வொன்றையும் மெட்டாவுக்குச் சொல்லும். வாட்ஸ்அப் பட்டனை அமுக்கியதும் ஆள் சைட்டை விட்டு வெளியே போய்விடுகிறார். அங்கே பேரம் பேசி, ஜிபே-யில் பணம் அனுப்பி, சேலை வீட்டுக்கே போய்ச் சேர்ந்தாலும் பிக்சலுக்கு அது தெரியாது. அதன் கணக்கில் அவர் இன்னும் பார்த்துவிட்டு வாங்காமல் போனவர். "வாங்கியவர்களை விலக்கு" என்று நீங்கள் செட்டிங் வைத்திருந்தாலும் அவர் விலக மாட்டார். ஆறு மாதத்துக்கு அவர் வாங்கிய சேலையையே அவருக்குக் காட்டிக்கொண்டிருக்கும். அந்த 17 ஃப்ரீக்வென்சியில் ஒரு பகுதி இப்படித்தான் போகிறது.

சரிசெய்ய இரண்டு வழி. சுலபமானது: வாங்கியவர்களின் போன் எண்களை வாரம் ஒருமுறை கஸ்டமர் லிஸ்டாக ஏற்றி, அந்தப் பட்டியலை ரீடார்கெட்டிங்கில் இருந்து விலக்குங்கள். எண்ணுக்கு முன்னால் 91 போட மறக்க வேண்டாம், அது இல்லாமல் பொருந்தும் விகிதம் மோசமாகிவிடும். இரண்டாவது வழி, உங்கள் ஆர்டர் ஷீட்டில் இருந்தே கன்வெர்ஷன்ஸ் ஏபிஐ மூலம் விற்பனையை மெட்டாவுக்கு நேரடியாக அனுப்புவது. அதற்கு யாராவது எழுதித் தர வேண்டும். சைட்டில் நடந்த ஆர்டரை பிக்சலும் ஏபிஐ-யும் சேர்ந்தே அனுப்பினால் இரண்டுக்கும் ஒரே ஈவன்ட் ஐடி (அந்த ஆர்டருக்கான அடையாள எண்) கொடுக்க வேண்டும். இல்லாவிட்டால் ஒரு சேலை இரண்டாக எண்ணப்படும்.

#10 சும்மா_வாசகி

நான் எதுவும் விற்பவள் இல்லை, வாங்குபவள். நீங்கள் எல்லோரும் பேசும் அந்த "விருந்தினர்" நான்தான். கொஞ்சம் எங்கள் பக்கமும் கேளுங்கள்.

தங்கைக்குக் கல்யாணப் பரிசாக ஒரு பொருளைத் தேடினேன். அப்புறம் வீட்டில் யார் போனைத் திறந்தாலும் அதே பொருள். எங்கள் வீட்டில் போன் கை மாறிக்கொண்டே இருக்கும், அம்மா சீரியல் பார்ப்பாள், தங்கை ரீல்ஸ் பார்ப்பாள். பரிசு ரகசியம் போயே போச்சு. அதையாவது சிரித்துவிட்டு விடலாம். குழந்தைப்பேறு சிகிச்சை பற்றி ஒருமுறை ஒரு தளத்தில் படித்தேன். அதற்கப்புறம் வாரக்கணக்கில் அந்த விளம்பரம் எங்கே போனாலும் கூடவே வந்தது. மாமியார் கையில் போன் இருக்கும்போது அது வந்தால் எப்படி இருக்கும் என்று விளம்பரம் போடுகிறவர்கள் யாராவது யோசிக்கிறீர்களா?

#11 லாச்சப்பல்_வாசி

வணக்கம் உறவுகளே. நான் பாரிஸில் இருந்து எழுதுகிறேன், இதே துறையில்தான் வேலை. தங்கச்சி சொன்னது நல்லாய் விளங்குது. கூகுளின் சொந்த விதிகளே உடல்நலம் சம்பந்தமான விஷயங்களில் ரீமார்க்கெட்டிங் (ரீடார்கெட்டிங்குக்குக் கூகுள் வைத்த பேர்) செய்யக் கூடாது என்றுதான் சொல்கின்றன. விதி இருக்கு, மீறுகிறவர்களும் இருக்கினம். அமெரிக்காவில் குட்ஆர்எக்ஸ் என்ற மருந்துத் தள்ளுபடி நிறுவனம், இன்ன மருந்து வாங்கினவர் என்று பட்டியல் பிரித்து, அவர்களின் மின்னஞ்சலையும் போன் இலக்கத்தையும் ஃபேஸ்புக்கில் ஏற்றி விளம்பரம் காட்டியது. 2023 பெப்ரவரியில் அமெரிக்க வர்த்தக ஆணையம் 15 லட்சம் டொலர் அபராதம் கேட்டு நடவடிக்கை எடுத்தது. செல்வி மேலே சொன்ன கஸ்டமர் லிஸ்ட்டும் தொழில்நுட்பமாய்ப் பார்த்தால் அதே வேலைதான். சேலைக்கும் இருதய மருந்துக்கும் வித்தியாசம் இருக்கு, அது சரி. ஆனால் அனுமதி கேட்டீர்களா என்பது இரண்டுக்கும் ஒரே கேள்வி.

இங்கே ரீடார்கெட்டிங்குக்கே பேர்போன கம்பனி கிரிட்டியோ. 2005-இல் பாரிஸில்தான் தொடங்கினது. 2023 யூனில் பிரான்ஸின் தரவுக் காவல் அமைப்பான க்னில் அதற்கு 4 கோடி யூரோ தண்டம் போட்டது. குக்கி (ஆளை அடையாளம் காணப் பிரவுசரில் வைக்கப்படும் சின்னக் கோப்பு) வைக்க முதல் ஆட்களிடம் சம்மதம் வாங்கப்பட்டதா என்று கிரிட்டியோ சரிபார்க்கவில்லை என்பது முக்கியமான குற்றச்சாட்டு. சம்மதம் வாங்குவது தளக்காரர்களின் பொறுப்பு என்று சொல்லித் தப்ப முடியவில்லை. அதற்கு முதல் 2022 தொடக்கத்தில் கூகுளுக்கு 15 கோடி, ஃபேஸ்புக்குக்கு 6 கோடி யூரோ. காரணம் கேட்டால் சின்னதாய்த் தெரியும்: குக்கியை ஏற்க ஒரு கிளிக் போதும், மறுக்கப் பல கிளிக் தேவைப்பட்டது.

#12 கோவை_மணி

அண்ணா, அது ஐரோப்பா. நம் ஊரில் இன்னும் அவ்வளவு கெடுபிடி இல்லை.

#13 லாச்சப்பல்_வாசி

தம்பி, உங்கட நாட்டிலும் சட்டம் வந்திட்டுது. தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023-இல் நிறைவேறினது, விதிகள் 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டது. நிறுவனங்களுக்கான முக்கியக் கடமைகள் அதிலிருந்து 18 மாதத்தில் அமலுக்கு வரும். 18 வயதுக்குக் கீழே உள்ளவர்களின் நடத்தையைப் பின்தொடர்வதும், அவர்களைக் குறிவைத்து விளம்பரம் செய்வதும் கூடாது என்று 9-ஆம் பிரிவு சொல்லுது. சிறுவர் தொடர்பான கடமையை மீறினால் தண்டம் 200 கோடி ரூபாய் வரை போகலாம். விளையாட்டுப் பொருள், பள்ளிக்கூடச் சாமான் விற்கிறவர்கள் இப்பவே யோசிக்க வேணும்.

#14 செக்கடி

நான் செக்கு எண்ணெய் விற்கிறேன். சேலைக்காரர்கள் பேசும் கணக்கு எங்களுக்குச் சரிப்படவில்லை என்பதால் எழுதுகிறேன். ஒரு வீட்டில் ஐந்து லிட்டர் கடலை எண்ணெய் எத்தனை நாளில் தீரும் என்று எங்கள் ஆர்டர் நோட்டைப் பார்த்தாலே தெரிந்துவிடும். சைட்டுக்கு வந்து வாங்காமல் போனவரைத் துரத்துவதை நாங்கள் விட்டுவிட்டோம். வாங்கியவருக்கு எண்ணெய் தீரும் சமயத்தில் வாட்ஸ்அப்பில் ஒரு வரி, அவ்வளவுதான். வாட்ஸ்அப் பிசினஸ் கணக்கில் மார்க்கெட்டிங் மெசேஜ் ஒன்றுக்கு ஒரு ரூபாயை ஒட்டித்தான் செலவு. வேண்டாம் என்று பதில் போட்டவர்களைப் பட்டியலில் இருந்து உடனே எடுத்துவிட வேண்டும், இல்லையென்றால் பிளாக் செய்வார்கள், நம் நம்பருக்கு வாட்ஸ்அப் கொடுக்கும் தர மதிப்பே இறங்கிவிடும்.

சும்மா_வாசகி கோபம் நியாயம்.

#15 நெறியாளர்

இழை நன்றாகப் போகிறது. கடை லிங்குகளைப் பதிவில் போட வேண்டாம், இரண்டை நீக்கியிருக்கிறேன். தரவுச் சட்டம் பற்றி விரிவாகப் பேச விரும்புபவர்கள் தனி இழை தொடங்குங்கள்.

#16 கணக்குப்பிள்ளை

மணி, விளம்பரத்துக்கு மதிப்பே இல்லை என்று நான் சொல்லவில்லை. மதிப்பு எவ்வளவு என்பதை விளம்பரம் விற்கிறவனிடமே கேட்காதீர்கள் என்கிறேன். இதை ஒழுங்காக அளந்தவர்கள் இருக்கிறார்கள்.

2012-இல் ஈபே ஒரு காரியம் செய்தது. தன் பெயரையே தேடுகிறவர்களுக்குக் காட்டிவந்த தேடல் விளம்பரத்தை யாஹூவிலும் பிங்கிலும் நிறுத்திப் பார்த்தது. அந்தக் கிளிக்கில் 99.5 சதவீதம் கீழே இருக்கும் இலவச லிங்க் வழியாகத் தானாகவே வந்துவிட்டது. அத்தனை நாளும் பணம் கொடுத்து வாங்கியது, சும்மா வந்திருக்கக்கூடிய ஆட்களை. அது தேடல் விளம்பரம், ரீடார்கெட்டிங் இல்லைதான், ஆனால் நோய் ஒன்றே.

ரீடார்கெட்டிங்கை நேரடியாக அளந்ததும் உண்டு. விளையாட்டுச் சாமான் விற்கும் ஒரு ஆன்லைன் கடையில் ஜான்சன், லூயிஸ், நுபெமேயர் மூவரும் நடத்திய சோதனை 2017-இல் வெளியானது. விளம்பரம் காட்டப்பட்டவர்களையும், காட்டியிருக்க வேண்டிய இடத்தில் காட்டாமல் விடப்பட்டவர்களையும் ஒப்பிட்டார்கள். சைட்டுக்கு வருவது 17.2 சதவீதம் கூடியது, வாங்குவது 10.5 சதவீதம் கூடியது. ஆக, வேலை செய்கிறது. ஆனால் அளவைப் பாருங்கள். விளம்பரமே இல்லாமல் 100 பேர் வாங்கியிருப்பார்கள் என்றால், விளம்பரத்தோடு 110 பேர். அந்தப் பத்துக்குத்தான் நாம் பணம் கொடுக்கிறோம். டாஷ்போர்டோ 110 பேரில் விளம்பரத்தைப் பார்த்த ஒவ்வொருவரையும் தன் வீட்டு ஆள் என்று சொல்லும்.

தறிமேடை கடையில் 300-க்கு 120 என்கிறது. அப்படியானால் ரீடார்கெட்டிங்கை நிறுத்தினால் விற்பனை 180-க்கு விழ வேண்டும். விழுமா?

#17 தறிமேடை

அதைத்தான் நானும் கொழுந்தனாரிடம் கேட்டேன். நிறுத்திப் பார்க்க அவருக்குப் பயம். நிறுத்தாமல் தெரிந்துகொள்ள வழி உண்டா?

#18 கணக்குப்பிள்ளை

முழுக்க நிறுத்த வேண்டாம், சில ஊர்களில் மட்டும் நிறுத்துங்கள். விளம்பரம் காட்டியவர்களையும் காட்டாதவர்களையும் ஒப்பிடும் கன்வெர்ஷன் லிஃப்ட் என்று ஒரு சோதனை வசதி மெட்டாவிலேயே இருக்கிறது, உங்கள் அளவில் அது தெளிவான விடை தருமா என்பது சந்தேகம். கையாலேயே செய்யலாம்.

மதுரை, கோவை, பெங்களூரு என்று மூன்று இடங்களைச் சுற்றுவட்டத்தோடு சேர்த்து ரீடார்கெட்டிங்கில் இருந்து விலக்குங்கள். ஒரு மாதம் போகட்டும். எண்ணிக்கையை டாஷ்போர்டில் எடுக்காதீர்கள், கூரியர் பில்லில் இருக்கும் பின்கோடில் எடுங்கள். 625, 641, 560 என்று தொடங்குபவற்றைத் தனியே கூட்டினால் போதும். வாட்ஸ்அப் ஆர்டரும் அதில் தானாகச் சேர்ந்துவிடும். போன மாதங்களில் இந்த மூன்று இடமும் சேர்ந்து மொத்தத்தில் எத்தனை பங்கு என்று முன்கூட்டியே குறித்து வையுங்கள்.

இப்போது முக்கியமான விஷயம். சின்னக் கடைக்குப் பரிசோதனை செய்து பயனில்லை, எண்ணிக்கை போதாது என்று பலர் சொல்வார்கள். பாதி உண்மை. எதையுமே மாற்றாவிட்டாலும் 100 ஆர்டர் வரும் இடத்தில் அடுத்த மாதம் 90 வரும், 110 வரும். 100-இன் வர்க்கமூலம் 10, அந்த அளவு ஆட்டம் தற்செயலாகவே இருக்கும், சில மாதம் 20 கூட ஆடும். எனவே ரீடார்கெட்டிங் உண்மையில் 10 சதவீதம்தான் கூட்டுகிறது என்றால் உங்களால் அதைக் கண்டுபிடிக்கவே முடியாது. ஆனால் நீங்கள் கண்டுபிடிக்க வேண்டியது அது இல்லை. டாஷ்போர்டு சொல்லும் 40 சதவீதம் உண்மையா பொய்யா என்பதுதான். அது உண்மையென்றால் 100 ஆர்டர் 60-க்கு விழ வேண்டும். 60-க்கும் 95-க்கும் உள்ள வித்தியாசம் எந்தத் தற்செயலிலும் மறையாது.

#19 குறிமுறை_செல்வி

நல்ல திட்டம், இரண்டு ஜாக்கிரதை மட்டும். ஒன்று, வேறு ஏதாவது தானியங்கி சேல்ஸ் கேம்பெய்ன் ஓடினால் அது புது ஆட்களோடு பழைய விருந்தினர்களையும் தானாகவே பிடித்துக் காட்டும். ரீடார்கெட்டிங்கை நிறுத்தியதாக நினைத்துக்கொண்டிருப்பீர்கள், பின்வாசல் வழியாக அது ஓடிக்கொண்டிருக்கும். அந்த மூன்று ஊருக்கு மற்ற கேம்பெய்னிலும் விருந்தினர் பட்டியலை விலக்க முடிகிறதா என்று பாருங்கள்.

இரண்டு, பிக்சல் எல்லோரையும் பார்ப்பதில்லை. சஃபாரி 2020 மார்ச்சில் மூன்றாம் தரப்புக் குக்கியை (நாம் பார்க்கும் தளம் அல்லாத வேறு நிறுவனம் வைக்கும் குக்கியை) முழுக்க அடைத்தது. ஃபயர்பாக்ஸ் அதற்கு முன்பே, 2019-இல், பின்தொடரும் குக்கிகளைத் தானாகவே தடுக்கத் தொடங்கிவிட்டது. ஐபோனில் ஐஓஎஸ் 14.5 வந்த 2021 ஏப்ரலில் இருந்து ஒவ்வொரு ஆப்பும் பின்தொடர அனுமதி கேட்டே ஆக வேண்டும். குரோம் கதைதான் வேடிக்கை. மூன்றாம் தரப்புக் குக்கியை "இரண்டு வருடத்தில் எடுத்துவிடுவோம்" என்று 2020-இல் சொன்னார்கள், மூன்று முறை தள்ளிப்போட்டார்கள், 2024 ஜூலையில் எடுக்கப் போவதில்லை என்று சொல்லிவிட்டார்கள். குக்கி சாகப் போகிறது என்று பயமுறுத்தி கோர்ஸ் விற்றவர்கள் எத்தனை பேர்! நம் ஊரில் ஆண்ட்ராய்டு குரோம்தான் அதிகம் என்பதால் இழப்பு குறைவு. ஆனால் இன்ஸ்டா விளம்பரத்தைத் தட்டினால் இன்ஸ்டாவுக்குள்ளேயே ஒரு பிரவுசர் திறக்கும். அதே ஆள் ராத்திரி குரோமில் வந்தால் குக்கிக்கு அவர் வேறு ஆள். பின்கோடு வைத்து எண்ணுவது இந்தச் சிக்கலையும் தாண்டிவிடும், அதனால்தான் எனக்கு அது பிடித்திருக்கிறது.

#20 தறிமேடை

சோதனை முடிந்துவிட்டது, தாமதத்துக்கு மன்னிக்கவும். முன்பு அந்த மூன்று இடமும் சேர்ந்து மொத்தத்தில் மூன்றில் ஒரு பங்கு, அதாவது 100-ஐ ஒட்டி இருந்தது. இந்த முறை 94. மற்ற ஊர்கள் 203. பெங்களூருவில் கொஞ்சம் கூடியிருக்கிறது, கோவையில் குறைந்திருக்கிறது. 60-க்கு எங்கேயும் விழவில்லை.

செல்வி சொன்னபடி வாங்கியவர்களின் எண்களையும் ஏற்றி விலக்கினோம். இனி புதிதாக வாங்குபவர்களிடம் ஆர்டர் எடுக்கும்போதே அனுமதி கேட்கிறோம், பாரிஸ் அண்ணனுக்கு நன்றி. ஃப்ரீக்வென்சி கண்ணுக்குத் தெரிகிற அளவு இறங்கியிருக்கிறது.

#21 கோவை_மணி

அக்கா, இது ஆடி மாதம். ஆடித் தள்ளுபடியில் ஜனங்கள் விளம்பரம் இல்லாமலே சேலை வாங்குவார்கள். இந்த மாதத்தை வைத்து முடிவு கட்டக் கூடாது.

#22 கணக்குப்பிள்ளை

ஆடி மதுரைக்கு மட்டும் வரவில்லையே, திருச்சிக்கும் சென்னைக்கும் சேர்த்துத்தான் வந்தது. நிறுத்திய ஊரையும் நிறுத்தாத ஊரையும் ஒரே மாதத்தில் வைத்து ஒப்பிடுவதே அதற்காகத்தான். பெங்களூருவுக்கு ஆடி அந்த அளவு பொருந்தாது என்று ஒரு வாதம் வைக்கலாம், அங்கேதான் விற்பனை கூடியிருக்கிறது. இதை வைத்து ரீடார்கெட்டிங் வீண் என்று நான் சொல்லவில்லை. 94 என்பது ஆறு குறைவு. அந்த ஆறு விளம்பரம் இல்லாததால் போனதா, தற்செயலா என்று யாராலும் சொல்ல முடியாது. 40 போகவில்லை, அதுதான் செய்தி. மாதம் 30,000-க்கு அது தகுமா என்று கொழுந்தனாரிடம் கேளுங்கள்.

#23 கோவை_மணி

சரி, எண்ணிக்கையோடு மல்லுக்கட்ட முடியாது. 30,000 அதிகம்தான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் பூஜ்யமும் தப்பு. எங்கே வெட்டலாம், எங்கே விடலாம் என்று சொல்கிறேன்.

180 நாள் ஆடியன்ஸை முதலில் தூக்குங்கள். ஆறு மாதத்துக்கு முன் பார்த்த சேலை யாருக்கு நினைவிருக்கும்? பில்ட்டைரக்ட் என்ற வீட்டுக் கட்டுமானப் பொருள் தளத்தில் நடந்த ஒரு சோதனை 2019-இல் வெளியானது. ரீடார்கெட்டிங் காட்டியதால் நான்கு வாரத்துக்குள் சைட்டுக்குத் திரும்பியவர்கள் 14.6 சதவீதம் அதிகம். அதில் முதல் வார விளம்பரத்தின் பலனில் மூன்றில் ஒரு பங்கு முதல் நாளிலேயே கிடைத்துவிட்டது. சூடு ஆறுவதற்குள் காட்ட வேண்டும். கார்ட்டில் போட்டவர்களுக்கு 7 நாள், சேலையைப் பார்த்தவர்களுக்கு 14 நாள், முகப்பை மட்டும் எட்டிப் பார்த்தவர்களுக்கு ஒன்றுமே வேண்டாம். கூகுள் டிஸ்ப்ளேயில் (மற்ற தளங்களில் கூகுள் காட்டும் பட விளம்பரத்தில்) ஒருவருக்கு நாளைக்கு இத்தனை முறை என்று வரம்பு வைக்கலாம். மெட்டாவில் பட்ஜெட்டை ஆடியன்ஸ் அளவுக்குத் தக்கபடி இறக்குவதுதான் நடைமுறை வழி.

அப்புறம், பார்த்த அதே சேலையையே காட்டும் கேட்லாக் விளம்பரம் எல்லோருக்கும் பலிக்காது. லாம்ப்ரெக்ட், டக்கர் இருவரும் ஒரு பயணத் தளத்தில் செய்த ஆய்வு 2013-இல் வந்தது. பார்த்த அதே பொருளைக் காட்டும் விளம்பரம், பொதுவான பிராண்டு விளம்பரத்தைவிடச் சராசரியில் சுமாராகத்தான் வேலை செய்தது. இன்னதுதான் வேண்டும் என்று மனதில் ஓரளவு தீர்மானித்தவர்களிடம் மட்டும் அதற்குப் பலன் கூடியது. அதனால் கார்ட்டில் போட்டவருக்கு அந்தச் சேலை, சும்மா சுற்றிப் பார்த்தவருக்குத் தறியில் கண்டாங்கி கட்டம் விழும் வீடியோ. அவர் இன்னும் சிவப்பா கடுகு மஞ்சளா என்றே முடிவு செய்யாதவர்.

#24 சும்மா_வாசகி

அந்த வீடியோ வந்தால் நானே பார்ப்பேன்.

#25 தறிமேடை

ரீடார்கெட்டிங்கை 8,000-க்கு இறக்கியாயிற்று. மிச்சத்தைப் புது ஆட்களுக்கு வீடியோவாகப் போடுகிறோம், கொழுந்தனார் அரை மனதோடு சம்மதித்திருக்கிறார். தீபாவளி முடிந்து ஒருமுறை வேறு ஊர்களில் நிறுத்திப் பார்க்கப் போகிறோம்.

கடைசியாக ஒரு சந்தேகம், செல்விக்கு. எங்கள் சேலைகளில் பல ஒற்றைப் பீஸ். ஒருவர் கார்ட்டில் போட்டுவிட்டுப் போவார், வேறொருவர் வாட்ஸ்அப்பில் அதை வாங்கிவிடுவார். முதல் ஆளுக்கு விளம்பரம் போய்க்கொண்டே இருக்கிறது. கிளிக் செய்து வந்து, இல்லை என்று பார்த்துவிட்டுத் திட்டுகிறார்.

#26 குறிமுறை_செல்வி

கேட்லாக் ஃபீடில் (சைட்டில் இருந்து மெட்டாவுக்குப் போகும் சேலைப் பட்டியலில்) ஒவ்வொரு சேலைக்கும் கையிருப்பு என்று ஒரு நெடுவரிசை இருக்கும். வாட்ஸ்அப்பில் விற்றதும் அங்கே ஸ்டாக் இல்லை என்று மாற்றினால் அந்தச் சேலை விளம்பரத்தில் இருந்து விழுந்துவிடும். ஃபீடு நாளைக்கு ஒருமுறை புதுப்பிக்கும்படி இருந்தால் மணிக்கு ஒருமுறை ஆக்குங்கள். வாட்ஸ்அப்பில் பேசுபவர் விற்றவுடன் சைட்டிலும் எண்ணிக்கையைக் குறைக்க வேண்டும், ஃபீடு அங்கிருந்துதான் எடுக்கும். பக்கத்தை அழிக்காதீர்கள். "விற்றுவிட்டது" என்று போட்டு, அதற்குக் கீழேயே அதே கரை வைத்த மற்ற சேலைகளைக் காட்டுங்கள்.

அப்படியே ஃபீடில் உள்ள ஐடியும் பிக்சல் அனுப்பும் ஐடியும் ஒன்றுதானா என்று மெட்டாவின் ஈவன்ட்ஸ் மேனேஜரில் (பிக்சல் அனுப்புவதைக் காட்டும் பக்கத்தில்) பார்த்துவிடுங்கள். சிவப்புக்கும் கறுப்புக்கும் தனித்தனி ஐடி வைத்திருந்தால் இங்கே அடிக்கடி தப்பாகும், சிவப்பைப் பார்த்தவருக்குக் கறுப்பு போகும். ஸ்க்ரீன்ஷாட் அனுப்புங்கள், பார்த்துச் சொல்கிறேன்.